தமிழ் பிரெயிலும் லிப்லூயியும்: பங்களிக்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கணினியில் உள்ள எழுத்தைப் பிரெயிலாகவும், பிரெயிலில் தட்டியதை எழுத்தாகவும் மாற்றித் தரும் லிப்லூயி என்ற கட்டற்ற மென்பொருளில், தமிழுக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பாதி என்னிடம் கேட்கப்பட்டவை. மீதி, தொடக்கத்தில் நானே யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டவை.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. பிரெயில் எழுத்துகளைப் புள்ளி எண்களாகவே தந்திருக்கிறேன். கண்ணால் படிப்பவருக்கும், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானில் கேட்பவருக்கும் அது ஒன்றுபோல் புரியும். ஒரு செல்லில், அதாவது ஒரு பிரெயில் கட்டத்தில், இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. 13 என்று எழுதினால் பதிமூன்று அல்ல, ஒன்றாம் புள்ளியும் மூன்றாம் புள்ளியும். அடுத்தடுத்த செல்களை நடுக்கோட்டால் பிரித்திருக்கிறேன். லிப்லூயியின் கோப்புகளிலும் இதே முறைதான். கட்டளைப் பெயர்களை இங்கே தமிழில் எழுதினாலும் கோப்பில் அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்கும்.

லிப்லூயி என்றால் என்ன? என் கணினியில் அப்படி ஒன்றும் இல்லையே?

இருக்கலாம், உங்களுக்குத் தெரியாமல். லிப்லூயி தனியாகத் திறந்து பயன்படுத்தும் செயலி அல்ல. மற்ற மென்பொருள்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் நிரல்தொகுப்பு. விண்டோஸில் என்விடிஏ, ஜாஸ், லினக்ஸில் ஆர்க்கா, பிஆர்எல்டிடிஒய், குரோம்புக்கில் குரோம்வாக்ஸ் போன்ற திரைவாசிப்பான்கள் பிரெயிலுக்கு இதைப் பயன்படுத்துகின்றன. அதனால் இங்கே ஒரு வரியைத் திருத்தினால் அத்தனை இடத்திலும் திருந்தும். பிழை விட்டாலும் அப்படித்தான்.

லூயி பிரெயிலின் நினைவாக வைத்த பெயர். தொடங்கியவர் அமெரிக்கரான ஜான் பாயர். பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத நிரலாளர். பிஆர்எல்டிடிஒய்யில் ஏற்கெனவே இருந்த மொழிபெயர்ப்பு நிரலை அடித்தளமாக எடுத்துக்கொண்டு வளர்த்தார். தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொண்டவர்களிடமிருந்து வந்த மென்பொருள் இது. வெளியிலிருந்து உதவ வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பிரெயில் வெறும் எழுத்து வடிவம்தானே? அதற்கு எதற்கு மொழிபெயர்ப்பு?

எழுத்துக்கு எழுத்து நேராக மாறும் என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். ஆங்கிலத்தில் சுருக்கெழுத்து முறை உண்டு, சொற்களும் சொற்பகுதிகளும் ஒரே செல்லில் அடங்கிவிடும். ஆகவே அங்கே மொழிபெயர்ப்பு தேவை என்பது உடனே புரிகிறது. தமிழிலோ எழுத்தின் வரிசையே மாறுகிறது.

'க்' என்று தட்டினால் கணினியில் முதலில் க, அப்புறம் புள்ளி. பிரெயிலில் புள்ளி முன்னால் வந்துவிடும்: 4-13. நான்காம் புள்ளிதான் நம் மெய்யெழுத்தின் புள்ளி. விரல் இடமிருந்து வலமாகப் போகும்போது 'அடுத்து வருவது மெய்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. உயிர்மெய்யில் இன்னொரு மாற்றம். 'கெ' என்பதில் கண்ணுக்குக் கொம்பு க-வின் முன்னால் தெரியும். பிரெயிலில் ஒலிக்கும் வரிசையில் க, பிறகு எ: 13-26. உயிர்க்குறிக்கென்று தனி வடிவம் கிடையாது. 'இ' தனியாக வந்தாலும் 'கி'யில் குறியாக வந்தாலும் அதே 24.

'தமிழ்' என்பதைப் பாருங்கள்: 2345-134-24-4-12356. தாளில் மூன்று எழுத்து, விரலுக்கு ஐந்து செல். விரலால் படிக்கப் புள்ளிகளை எழுப்பிக் காட்டும் கருவியான பிரெயில் டிஸ்ப்ளேயில் மொத்தமே இருபது செல்தான் என்றால் இந்தக் கணக்கு பெரிதாகத் தெரியும்.

இந்தப் புள்ளிகளை யார் முடிவு செய்தது? நாம் மாற்றலாமா?

மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951-ல் ஏற்கப்பட்டது. அதற்கு முன் ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி வெவ்வேறு முறைகள் இருந்தன. தமிழ்நாட்டில் பாளையங்கோட்டைப் பள்ளி 1890-லேயே தொடங்கிவிட்டது என்பதை நினைத்தால், இங்கே பிரெயிலுக்கு எவ்வளவு நீண்ட வரலாறு என்பது புரியும். பாரதி பிரெயிலில் ஒரே ஒலிக்கு எல்லா இந்திய மொழியிலும் பெரும்பாலும் ஒரே செல். தமிழின் க, இந்தியின் க, மலையாளத்தின் க எல்லாமே 13.

நம் வேலை அந்த விதியைக் கணினிக்குச் சரியாகச் சொல்லிக் கொடுப்பது மட்டும். 'இப்படி இருந்தால் இன்னும் அழகாக இருக்குமே' என்று தோன்றும். தோன்றட்டும். ஐம்பது வருடமாக விரலில் படித்துவரும் ஒருவரின் பழக்கத்தை நம் அழகுணர்ச்சிக்காகக் கலைக்க வேண்டாம்.

எனக்கு சி மொழி தெரியாது. நிரல் எழுதத் தெரியாது. எனக்கு இங்கே என்ன வேலை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பதிலும் நல்ல பதில். லிப்லூயியின் இயந்திரம் சி மொழியில் எழுதப்பட்டது. அந்த இயந்திரத்துக்குத் தமிழ் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. மொழி பற்றிய அறிவு எல்லாம் அட்டவணை என்ற சாதாரண உரைக்கோப்பில் இருக்கிறது. நோட்பேடில் திறக்கலாம். தமிழுக்கான கோப்பின் பெயர் டி, ஏ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும்.

வரி இப்படி இருக்கும்:

லெட்டர் அ 1
லெட்டர் க 13
ஆல்வேஸ் க் 4-13

முதலில் கட்டளை, அடுத்து எழுத்து, கடைசியில் புள்ளிகள். 'லெட்டர்' என்பது இது ஓர் எழுத்து என்று அறிமுகம் செய்கிறது. 'ஆல்வேஸ்' என்றால் சொல்லில் எங்கே வந்தாலும் இப்படி மாற்று என்று பொருள். சொல்லின் தொடக்கத்தில் மட்டும், இறுதியில் மட்டும் என்று கட்டுப்படுத்தும் கட்டளைகளும் உண்டு. முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கும் கட்டளைகளும் உண்டு.

ஒரே இடத்துக்கு இரண்டு விதி பொருந்தினால் நீளமானதுதான் வெல்லும். 'பக்ஷி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் 'க்ஷ' என்பது க, புள்ளி, ஷ என மூன்று துண்டு. 'க்' விதி மட்டும் இருந்தால் 4-13-12346 என்று மூன்று செல் வரும். பிரெயிலில் க்ஷ-வுக்கென்று ஒரே செல் இருக்கிறது: 12345. அதற்குத் தனி விதி எழுதிவிட்டால், மூன்று துண்டையும் விழுங்குகிற நீளமான விதி என்பதால் அதுவே முந்திக்கொள்ளும். இது புரிந்துவிட்டால் அட்டவணையில் பாதி புரிந்த மாதிரி.

திருப்பி மாற்றுவது என்கிறார்களே, அது என்ன? அங்கேதான் பிழை அதிகம் என்று கேள்விப்பட்டேன்.

உண்மைதான். பிரெயில் விசைகளில் தட்டியதைத் தமிழ் எழுத்தாக்குவதைத் திருப்பி மாற்றுவது என்கிறோம். போகிற வழி சுலபம், திரும்புகிற வழியில்தான் முள்.

என் கதையைச் சொல்கிறேன். வெளியிடாத, என் கணினியில் மட்டும் இருந்த ஓர் அரைகுறை அட்டவணையை நண்பர் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். திருநெல்வேலிக்காரர், சிறுவயதிலிருந்தே பிரெயில் படிப்பவர். அரை மணி நேரத்தில் செய்தி வந்தது: 'பத்து ம9க்கு வாரேன்.' கூடவே அழைப்பும். "ஏ தம்பி, நான் மணின்னு அடிச்சா உன் பெட்டி ஒன்பதுங்குது. இதுல எத்தனை மணிக்கு வர?"

நடந்தது இதுதான். 'மணி' பிரெயிலில் 134-3456-24. நடுவில் இருக்கும் 3456 தமிழில் ண. அதே 3456 பெரும்பாலான மொழிகளில் எண் குறியும்கூட. எண் குறிக்குப் பின் வரும் 24 ஒன்பது. ஆக 'ணி'யும் 9-உம் விரலுக்கு ஒன்றே. மனிதருக்குக் குழப்பம் இல்லை, சொல்லைப் படித்தாலே தெரிகிறது. என் அட்டவணைக்குத் தெரியவில்லை. 'பணி' ப9 ஆனது, 'கண்ணே' கண்5 ஆனது. உச்சம், 'குணசேகரன்'. ண-வை எண் குறியாக எடுத்துக்கொண்டது. அடுத்த ச-வின் செல் 14, அது 3. அதற்கடுத்த ஏ-யின் செல் 15, அது 5. திரையில் வந்தது 'கு35கரன்'. வண்டி எண் மாதிரி.

தீர்வு இலக்கணத்தில் கிடைத்தது. தமிழ்ச் சொல் எதுவும் ண-வில் தொடங்காது, பள்ளியில் மொழிமுதல் எழுத்துகள் என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். ஆகவே 3456-க்கு முன்னால் இடைவெளி இருந்தால் எண் குறி, தமிழ் எழுத்து இருந்தால் ண. இதை விதியாக எழுதலாம். எழுதியதும் 'ரூ500' வந்து நின்றது. இடைவெளி விடாமல் எழுதினால் இந்த விதி அதை 'ரூணேஜஜ' என்று படிக்கும். தட்டுபவர் நடுவில் ஒரு முற்றுப்புள்ளியோ இடைவெளியோ விட்டால்தான் தப்பிக்கலாம். எல்லாச் சிக்கலும் ஒரே விதியில் தீரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எது அதிகம் புழங்குகிறதோ அதைக் காப்பாற்றுங்கள். ரூ500-ஐவிட மணி அதிகம் வரும்.

ஒரே வழியில் மட்டும் இயங்க வேண்டிய விதிக்கு முன்னால் 'நோபேக்' அல்லது 'நோஃபார்' என்று எழுதலாம். முதலாவது, திருப்பும்போது இதைப் பார்க்காதே என்பது. இரண்டாவது, திருப்பும்போது மட்டும் பார் என்பது.

ஆங்கிலச் சொல் கலந்து வந்தால்?

போகும்போது பெரிய பிரச்சினை இல்லை. திரும்பும்போது தலைவலி. ஆங்கில கே-யும் தமிழ் க-வும் ஒரே 13. ஆய்த எழுத்தின் செல் ஆறாம் புள்ளி. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து வருகிறது என்று காட்டுவதும் அதே ஆறாம் புள்ளி. 'ஃப' என்று நீங்கள் தட்டும் 6-1234, ஆங்கிலக் கண்ணோட்டத்தில் பெரிய பி. இதை அட்டவணை தானாகக் கண்டுபிடிக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆங்கிலம் தட்டும்போது உள்ளீட்டு அட்டவணையை மாற்றிக்கொள்வதே நடைமுறையில் நடப்பது.

திரையில் இரண்டு 'கொ' ஒரே மாதிரி இருக்கின்றன, பிரெயிலில் மட்டும் வேறுபடுகிறது. ஏன்?

இது பிரெயில் பிழை அல்ல, கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு கொடுத்த பரிசு. 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுடன் ஒகரக்குறி என்று ஒரே குறியீடாக வைக்கலாம். க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாக உடைத்தும் வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அட்டவணையில் முதல் வகைக்கு மட்டும் விதி இருந்தால், உடைந்த கொ வரும்போது 13-1346 என்று வருவதற்குப் பதில் 13-26-345 வரும். விரல் அதைக் 'கெஆ' என்று படிக்கும். இரண்டுக்கும் விதி எழுதி, இரண்டுக்கும் சோதனையும் வைக்க வேண்டும்.

'ஸ்ரீ' இன்னொன்று. பலர் ஸ-வில் தொடங்கி எழுதுகிறோம். ஶ என்ற எழுத்து 2005-ல் யூனிகோடில் சேர்ந்தபின் அதில் தொடங்கி எழுதுபவர்களும் உண்டு. இரண்டும் திரையில் ஒன்றே. ஔகாரம் மூன்றாவது: 'கௌ' என்று எழுத வேண்டிய இடத்தில் கெ-வையும் ள-வையும் தனித்தனியாகத் தட்டிவிடுபவர்கள் ஏராளம். இதை அட்டவணையில் திருத்தப் பார்க்காதீர்கள். 'கெளுத்தி' என்ற மீனைக் 'கௌத்தி' ஆக்கிவிடுவீர்கள்.

டிஸ்ப்ளேயில் சொல்லுக்கு நடுவே எக்ஸ் என்ற எழுத்தும் சில எண்களுமாக நீளமாக ஏதோ ஓடினால், அந்த எழுத்து அட்டவணையிலேயே இல்லை என்று பொருள். அதன் யூனிகோடு எண்ணை லிப்லூயி அப்படியே கொட்டுகிறது. எளிதாகத் திருத்தக்கூடிய பிழை இது. முதல் பங்களிப்புக்கு ஏற்றது.

பாமினி எழுத்துருவில் உள்ள பழைய கோப்புகள் பிரெயிலில் குப்பையாக வருகின்றன.

வரத்தான் செய்யும். பாமினியில் உள்ளவை கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துகள், தமிழ் வேடம் போட்டவை. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். லிப்லூயி தொடவேண்டிய விஷயம் இல்லை.

சோதனை எழுதுங்கள் என்கிறீர்களே, அது எப்படி?

என்னைக் கேட்டால் ஒரு தமிழர் லிப்லூயிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். அட்டவணையை எழுதியவர் நாளைக்கு வேறு வேலைக்குப் போய்விடுவார். சோதனை அங்கேயே இருந்து காவல் காக்கும். யாரோ ஒருவர் நல்ல நோக்கத்தோடு ஒரு விதியை மாற்றும்போது 'மணி உடைந்துவிட்டது' என்று அவருக்குச் சொல்ல தமிழ் தெரிந்தவர் அருகில் இருக்க மாட்டார். சோதனைக் கோப்பு இருக்கும்.

யாமல் என்ற எளிய வடிவில் எழுதுவது. மேலே எந்த அட்டவணை என்று ஒரு குறிப்பு. கீழே ஒவ்வொரு வரியிலும் ஒரு தமிழ்ச் சொல்லும், அதற்கு வரவேண்டிய பிரெயிலும். பிரெயிலுக்கு யூனிகோடில் 256 வடிவங்கள் இருக்கின்றன, எட்டுப் புள்ளி வரைக்கும் போதும், அவற்றிலிருந்து ஒட்டிக்கொள்ளலாம். போகும் வழி மட்டுமா, திரும்பும் வழியுமா, இரண்டுமா என்றும் குறிப்பிடலாம். இப்போதைக்குத் தவறாக வருகிறது என்று தெரிந்தே ஒரு சொல்லைச் சேர்க்க விரும்பினால் 'எக்ஸ்ஃபெயில்' என்று அடையாளமிட்டு, ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தெரிந்த பிழையை எழுதி வைப்பதும் வேலைதான்.

எந்தச் சொற்களைத் தேர்வது? அம்மா, அப்பா, வணக்கம் என்று பத்து எழுதினால் பத்தும் தேறும், ஒன்றும் தெரியவராது. உடைக்கும் சொற்களைத் தேடுங்கள். ணி, ணே, ணசே வரும் சொற்கள். 'அஃது', 'எஃகு'. க்ஷ-வும் க்-கும் ஒரே வாக்கியத்தில். எண்ணும் எழுத்தும் ஒட்டி வரும் '10ஆம்', '2-வது'. அளபெடை கட்டாயம் வேண்டும்: 15-ஆம் குறளின் முதல் சொல்லான 'கெடுப்பதூஉம்' எனக்குப் பிடித்த சோதனை. அதில் ஊகாரக் குறிக்குப் பின் தனி உ வருகிறது: 2345-1256-136-4-134 என்று முடிய வேண்டும். திரும்பும்போது அந்த 136-ஐக் குறியாக எடுக்காமல் தனி எழுத்தாக எடுக்க வேண்டும். பாடப்புத்தகத்தைப் பிரெயிலில் படிக்கும் பிள்ளைக்கு முதல் அதிகாரங்களிலேயே வருகிற சொல் இது, ஏதோ அரிய சொல் அல்ல.

எழுதியதை எப்படிச் சரிபார்ப்பது?

லிப்லூயியோடு சில சிறு கருவிகள் வருகின்றன, எல்லாம் முனையத்தில், அதாவது கட்டளையைத் தட்டி இயக்கும் சாளரத்தில், இயங்குபவை. லூ-செக்டேபிள் அட்டவணையில் எழுத்துப்பிழை போன்றவற்றைச் சொல்லும். லூ-டிரான்ஸ்லேட்டில் சொல்லைக் கொடுத்தால் பிரெயில் வரும். யாமல் சோதனைகளை ஓட்ட லூ-செக்யாமல். நான் அதிகம் பயன்படுத்துவது லூ-டிரேஸ்: எந்தச் சொல்லுக்கு எந்த விதி பாய்ந்தது என்று வரிசையாகக் காட்டும். 'இந்த விதியைத்தான் எழுதியிருக்கிறேனே, ஏன் வேலை செய்யவில்லை' என்று இரவு பதினொரு மணிக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது அதுதான் கைகொடுக்கும்.

முனையமே வேண்டாம் என்றால் என்விடிஏ-வை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். அதன் கருவிகள் பட்டியலில் பிரெயில் வியூவர் இருக்கிறது. டிஸ்ப்ளே இல்லாமலேயே பிரெயில் எப்படி வரும் என்று திரையில் காட்டும். ஒரு எச்சரிக்கை: பிரெயில் அமைப்பில், சுட்டி நிற்கும் சொல்லை, எழுத்துக்கு எழுத்து மாற்றும் கணினிப் பிரெயிலாக விரித்துக் காட்டும் தேர்வு ஒன்று உண்டு. அது இயங்கிக்கொண்டிருந்தால் அந்த ஒரு சொல் மட்டும் விநோதமாகத் தெரியும். அதைப் பிழை என்று நினைத்துப் புகார் எழுதிவிடாதீர்கள்.

எனக்குப் பார்வை உண்டு, பிரெயில் கண்ணால் மட்டும் தெரியும். வரலாமா?

வாருங்கள், நானும் அப்படித்தான். ஆனால் நம்மால் கண்டுபிடிக்க முடியாத பிழைகள் உண்டு என்பதை ஒப்புக்கொண்டு வாருங்கள். நாம் இணையத்தில் கிடைத்த அட்டவணைப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு செல்லாக ஒப்பிடுவோம். விரலால் படிப்பவர் ஓட்டத்தில் படிப்பார். நாம் 'சரி' என்று தள்ளிவிட்ட ஒரு தேவையில்லாத இடைவெளியோ கூடுதல் குறியோ அவருக்குக் கல் மாதிரி தட்டும். பிரெயில் படிப்பவர் ஒருவராவது பார்க்காமல் அட்டவணை மாற்றத்தை அனுப்புவதில்லை என்று நான் வைத்திருக்கிறேன். அவரை 'சரிபார்ப்பவர்' என்று பின்னால் நிறுத்தாமல், தொடக்கத்திலிருந்தே கூட உட்கார வையுங்கள். பாதி வேலை குறையும்.

யாரையும் தெரியாது என்றால்: பள்ளிகளில் பிரெயில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பூந்தமல்லியில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது, அங்கே பிரெயில் அச்சகமும் உண்டு. அங்கே கேட்டுப் பாருங்கள்.

நான் பார்வையற்றவர். கிட்ஹப்பை வைத்து வேலை செய்ய முடியுமா?

முடியும். லிப்லூயியின் நிரலும் அட்டவணைகளும், பலர் சேர்ந்து நிரல் எழுதும் இணையதளமான கிட்ஹப்பில்தான் இருக்கின்றன. திரைவாசிப்பானோடு அதில் வேலை செய்பவர்கள் நிறையப் பேர். தலைப்புக்குத் தலைப்பு தாவினால் பக்கம் சீக்கிரம் பிடிபடும். அட்டவணை வெறும் உரைக்கோப்பு என்பதால் உங்களுக்குப் பிடித்த எந்தத் திருத்தியிலும் எழுதலாம். புல் ரிக்வெஸ்ட் என்ற மாற்றக் கோரிக்கைதான் முதல் தடவை சிரமம் தரும், பார்வையுள்ளவர்களுக்கும்தான். அது வேண்டாம் என்றால் இஷ்யூ என்ற பிழைக் குறிப்பு ஒன்று திறந்து எழுதினாலே போதும்.

பிழையை எப்படி எழுதினால் கவனிப்பார்கள்?

பராமரிப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. இதை மறக்கவே கூடாது. 'தமிழ் பிரெயில் சரியாக வரவில்லை' என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர்கள் ஒன்றும் செய்ய முடியாது. நான்கு விஷயம் சொல்லுங்கள்: எந்த அட்டவணை, என்ன எழுத்தைக் கொடுத்தீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். கடைசிக்கு ஆதாரமாகப் பாரதி பிரெயில் விதியில் எந்த இடம் என்பதையும் காட்டுங்கள். படமாக ஒட்டாதீர்கள். தமிழ்ச் சொல்லை எழுத்தாகவும், முடிந்தால் ஒவ்வொரு எழுத்தின் யூனிகோடு எண்ணையும் கொடுங்கள். மேலே சொன்ன இரண்டு 'கொ' சிக்கல் இருப்பதால்தான். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும், இலக்கணம் பார்த்து யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை.

வேறொரு வணிக மென்பொருளில் தமிழ் நன்றாக வருகிறது. அதிலிருந்து எடுத்துப் போடலாமா?

கூடாது. பிரெயில் விதி பொதுச்சொத்து, அதைக் கணினிக்காக இன்னொருவர் எழுதிய கோப்பு அப்படி அல்ல. லிப்லூயியின் அட்டவணைகள் எல்ஜிபிஎல் 2.1 என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருகின்றன. நீங்கள் அனுப்புவதும் அதில் வெளியாகும். விதிநூலைப் பார்த்து நீங்களே எழுதுங்கள். கோப்பின் தலையில் உங்கள் பெயரும் உரிமக் குறிப்பும் இருக்கட்டும்.

என் திருத்தம் எப்போது பயனருக்குப் போய்ச் சேரும்?

இதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். லிப்லூயி ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியாகிறது: மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். அதை என்விடிஏ போன்றவை தங்கள் அடுத்த பதிப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் பயனர் தன் கணினியில் புதுப்பிக்க வேண்டும். பள்ளிக் கணினி அறை என்றால் அந்தக் கடைசிப் படி வருடக்கணக்கில் இழுக்கும். திருத்தம் ஏற்கப்பட்ட அன்றே நண்பரை அழைத்து 'சரியாகிவிட்டதா பார்' என்று கேட்டு அசடு வழிந்தவன் சொல்கிறேன்.

இதில் சம்பளம் உண்டா? சான்றிதழ்?

இல்லை. பதிப்பு வெளியாகும்போது செய்திக் கோப்பில் உங்கள் பெயர் வரும்.

கணிதக் குறிகளுக்கும் உதவலாமா?

உதவலாம், ஆனால் அது வேறு காடு. பின்னம், வர்க்கமூலம் எல்லாம் வரிசையாக வரும் எழுத்து அல்ல, அமைப்பு. முதலில் தமிழ் உரைநடை ஒழுங்காகப் போய்த் திரும்பி வரட்டும்.

சரி, இன்று மாலை ஒரு மணி நேரம் இருக்கிறது. என்ன செய்ய?

என்விடிஏ-வைத் திறந்து, பிரெயில் வெளியீட்டு அட்டவணையைத் தமிழுக்கு மாற்றுங்கள். பிரெயில் வியூவரைத் திறந்து வையுங்கள். இன்றைய செய்தித்தாளின் ஒரு பத்தியை ஒட்டி, சொல் சொல்லாகப் பாருங்கள். சந்தேகம் வரும் சொல்லை ஒரு தாளில் குறியுங்கள். மூன்று சொல் கிடைத்தாலே நல்ல அறுவடை. அந்த மூன்றையும் பிரெயில் படிக்கும் ஒருவரிடம் தொலைபேசியில் வாசித்து, புள்ளிகளைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லும்போதே நாலாவதாக ஒன்றைச் சொல்வார், பல வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கும் ஒன்றை. அதை முதலில் எழுதுங்கள்.